திசைதிருப்பக்கூடிய மின்முனைக் கதீட்டர்: நுனியில் தொடங்கிக் கைப்பிடியில் முடிக்கும் வடிவமைப்பு வழிகாட்டி

தொடைச் சிரை வழியாக உள்ளே போய், இதய அறைக்குள் நுனியை வளைத்து, அங்குள்ள மின் சமிக்ஞையைப் படித்து, தேவைப்பட்டால் அந்த இடத்துத் திசுவைச் சூடாக்கி முடக்கும் கதீட்டரை (மெல்லிய நீண்ட குழாய்க் கருவியை) எப்படி வடிவமைப்பது என்று இங்கே பார்க்கலாம். எல்லா வகைக்கும் பொருந்தும்படி எழுதினால் எதுவும் உருப்படியாக வராது. அதனால் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம்: 7 பிரெஞ்சு (சுமார் 2.33 மி.மீ.) தடிமன், 110 செ.மீ. பயன்படு நீளம், 4 மி.மீ. நுனி மின்முனை, அதற்குப் பின்னால் 1 மி.மீ. வளைய மின்முனைகள் மூன்று, இரு பக்கமும் வளையும் நுனி. வலது மேலறையில் ஏட்ரியல் ஃபிளட்டர் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்குப் பயன்படும், ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சூடாக்கும், நுனியைக் குளிர்விக்க நீர் பாய்ச்சாத வகை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் கைப்பிடியில்தான் தொடங்குகிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரம் பக்கத்தில் இருக்கிறது, ஒரே நாளில் கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. ஆனால் கைப்பிடி எத்தனை மி.மீ. இழுக்க வேண்டும், எவ்வளவு விசை தாங்க வேண்டும் என்பதெல்லாம் நுனியும் ஷாஃப்டும் (நுனிக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள நீண்ட குழாய்) முடிந்த பிறகுதான் தெரியும். நுனியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

இந்த வழிகாட்டி உங்களை மேசைமேல் சோதிக்கும் மாதிரி வரைக்கும்தான் கொண்டுபோகும். மனித உடலுக்குள் போக வேண்டிய கருவிக்கு இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன்படி உரிமமும் மருத்துவ ஆய்வு அனுமதியும் தேவை. அதில் குறுக்கு வழி கிடையாது.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

மூலப்பொருள்கள்: மூன்று கடினத்தன்மைகளில் பெபாக்ஸ் என்னும் நெகிழும் பிளாஸ்டிக் குழாய் (72 டி, 55 டி, 35 டி; எண் கூடினால் கடினம்), வெளிப்புறம் எட்ச் செய்த (ஒட்டும்படி வேதிப்பொருளால் பதப்படுத்திய) டெஃப்லான் உட்குழாய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல், சூட்டில் சுருங்கும் எஃப்.ஈ.பி. பிளாஸ்டிக் குழாய் (சுருங்கு குழாய்), டெஃப்லான் பூசிய மாண்ட்ரல் (செய்யும்போது குழாய்க்குள் நிற்கும் கம்பி), 0.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழுகம்பி, நெருக்கமாகச் சுற்றிய கம்பிச் சுருள், பிளாட்டினம்–இரிடியம் (90:10) மின்முனைகள், காப்பிட்ட செம்புக் கம்பிகள், செம்பு–கான்ஸ்டன்டன் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் இரு உலோகக் கம்பி இணை).

கருவிகள்: சூடான காற்று ஊதி, நுண்ணோக்கி, விசைமானி, மில்லி ஓம் அளவி. இவற்றோடு 37 டிகிரியில் நிற்கும் நீர்த்தொட்டி ஒன்றும் வேண்டும். பெபாக்ஸ் உடல் வெப்பத்தில் மென்மையாகிவிடும். ஏசி அறையில் கச்சிதமாக நின்ற வளைவு உடம்புக்குள் தளர்ந்து போகும். எந்த அளவீட்டையும் வெந்நீரில் எடுக்காமல் நம்பாதீர்கள்.

எட்ச் செய்த டெஃப்லான் குழாயை வெளிச்சம் படாத பையில் வையுங்கள். அதன் ஒட்டும் பரப்பு புற ஊதா ஒளியில் கெட்டுவிடும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது, ஷாஃப்ட் உரியும்போதுதான் தெரியும்.

2. வளைவை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்

கேத் லேபில் (கதீட்டர் சிகிச்சை அறையில்) நின்று சில சிகிச்சைகளையாவது பார்த்துவிட்டு வந்து இந்தப் படியைத் தொடங்குங்கள். ஃபிளட்டர் சிகிச்சையில் நுனி மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவே உள்ள குறுகிய திசுப் பாலத்தில் கோடு போடுவதுபோல் நகர வேண்டும். அந்த நகர்வுக்கு எவ்வளவு எட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் வளைவு.

வளையும் பகுதி 65 மி.மீ. என்று வையுங்கள். அது சீராக 180 டிகிரி வளைந்தால் ஆரம் 65-ஐ π-ஆல் வகுத்தது, சுமார் 20.7 மி.மீ. அதாவது நுனி, ஷாஃப்டிலிருந்து ஏறத்தாழ 41 மி.மீ. தள்ளி நிற்கும். சிறிய இதயத்துக்கு அது அதிகம், விரிந்த மேலறைக்குப் போதாது. அதனால்தான் ஒரே கதீட்டர் பல வளைவு அளவுகளில் தயாராகிறது.

மருத்துவர் "இன்னும் கொஞ்சம் சாஃப்டா இருக்கணும்" என்பார். அது வளைக்கத் தேவையான விசையா, நுனி சுவரில் முட்டினால் மடங்கும் விசையா, ஷாஃப்டின் விறைப்பா என்று அங்கேயே கேட்டு, எண்ணாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் வேறு வேறு பகுதியில் தீரும் பிரச்சினைகள். எழுதாமல் வந்தால் மூன்று மாதிரி செய்தும் அவர் கேட்டது வராது.

3. குறுக்குவெட்டைப் பெரிதாக வரையுங்கள்

ஒரு பிரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மி.மீ. ஆகவே 7 பிரெஞ்சு சுமார் 2.33 மி.மீ. சுவருக்கு இரு பக்கமும் இடம் விட்டால் உள்ளே ஏறத்தாழ 1.7 மி.மீ. மிஞ்சும். அதற்குள் இழுகம்பிகள் இரண்டு, அவற்றின் சுருள்கள், நுனிக்கு ஒரு தடித்த மின்கம்பி, வளையங்களுக்கு மூன்று மெல்லிய கம்பிகள், தெர்மோகப்பிள் இணை எல்லாம் போக வேண்டும்.

50 மடங்கு பெரிதாக, காப்பு உறையையும் சேர்த்து வரையுங்கள். வெறும் கம்பியின் விட்டத்தை மட்டும் போட்டு "இடம் தாராளம்" என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கிற தவறு.

இடத்தை முழுதாக நிரப்பவும் கூடாது. வளையும்போது அச்சிலிருந்து தள்ளியிருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் நீளத் தேவை மாறும். 0.7 மி.மீ. தள்ளி ஓடும் கம்பிக்கு 180 டிகிரி வளைவில் 2.2 மி.மீ. கூடவோ குறையவோ வேண்டும். இரு முனையிலும் பசை போட்டு இறுக்கிய மின்கம்பி அந்த 2.2 மி.மீ.க்கு எங்கே போகும்? சில நூறு வளைவுகளில் அறுந்துவிடும். மின்கம்பிகளை நடு அச்சுக்கு அருகில் கொண்டுவாருங்கள், சற்றுத் தளர்வாகவும் விடுங்கள்.

4. வளையும் பகுதி

இங்கே 35 டி பெபாக்ஸ். இழுகம்பிகள் இரண்டும் நேரெதிராக, தனித்தனி டெஃப்லான் உறையில் ஓட வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய தட்டையான ஸ்டீல் பட்டையை வைத்தால் வளைவு ஒரே தளத்தில் நிற்கும். பட்டை தன் தட்டைப் பக்கமாக எளிதில் வளையும், விளிம்புப் பக்கமாக வளையாது. பட்டை இல்லாத மாதிரிகளில் நுனி வளையும்போது பக்கவாட்டில் நழுவும். ஊடுகதிர்த் திரையில் இரு பரிமாணத்தில் பார்த்து வேலை செய்யும் மருத்துவருக்கு அந்த நழுவல் பெரிய தொல்லை.

கம்பி அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைந்த விசை போதும். ஏனென்றால் திருப்புத்திறன் என்பது விசையும் அந்தத் தூரமும் பெருகிய அளவு. 7 பிரெஞ்சில் 0.7 மி.மீ. வரை நியாயமாகக் கிடைக்கும். அதற்கு மேல் போனால் வெளிச்சுவர் மெலிந்து கம்பி கிழித்துக்கொண்டு வெளியே வரும் ஆபத்து உண்டு.

இழுகம்பியின் நுனியை எங்கே கட்டுவது? நுனி மின்முனையிலேயே நேராக வெல்டு செய்வது எளிது, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ரேடியோ அலைவரிசை மின்னோட்டம் இழுகம்பி வழியாகக் கைப்பிடி வரை வர வழி திறக்கிறது. நுனிக்குச் சற்றுப் பின்னால், பெபாக்ஸுக்குள் புதைந்த தனி ஸ்டீல் வளையத்தில் கட்டுங்கள். கட்டிய பின் நுனி மின்முனைக்கும் இழுகம்பிக்கும் நடுவே தொடர்பு இல்லை என்பதை அளவியில் உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று. இழுகம்பி குளிர் இழுப்பில் வலுப்பெற்றது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும், கம்பி சரியாக அங்கேதான் அறும். ஒரு சிறு ஸ்டீல் குழாயைக் கம்பியில் நசுக்கிப் பொருத்தி, அந்தக் குழாயை வளையத்தோடு வெல்டு செய்யுங்கள். சூடு கம்பிக்கு நேராகப் போகாது.

5. இழுக்கும் விசை எங்கே போகிறது என்று கணக்கிடுங்கள்

இதில்தான் மாதிரிகள் பெரும்பாலும் தோற்கின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள். கம்பியை 20 நியூட்டன் விசையில் இழுத்தால் அதைச் சுற்றியுள்ள குழாய் அதே 20 நியூட்டனில் அமுங்குகிறது. நுனி மட்டும் அமுங்கி வளைய வேண்டும் என்பது நம் ஆசை. ஆனால் குழாயின் ஒரு மீட்டருக்கு மேலான நீளமும் அதே அமுக்கத்தில் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஷாஃப்ட் சுருங்கி, அலைபோல நெளிந்து, நுனி பாதிதான் வளையும்.

சைக்கிள் பிரேக் கம்பிக்கு வெளியே இருக்கும் சுருள் உறை செய்கிற வேலையைத்தான் இங்கே கம்பிச் சுருள் செய்கிறது: வளைந்து கொடுக்கும், அமுங்கிக் கொடுக்காது. ஷாஃப்ட் பகுதியில் ஒவ்வொரு இழுகம்பியையும் ஒரு சுருளுக்குள் விடுங்கள். சுருளின் பின்முனை கைப்பிடியிலும் முன்முனை வளையும் பகுதி தொடங்கும் இணைப்பிலும் அசையாமல் நிற்க வேண்டும். வளையும் பகுதிக்குள் சுருள் நீளக் கூடாது.

சுருளில் இடைவெளி இருக்கக் கூடாது. பொருத்தும்போது லேசாக இழுபட்டாலும் சுற்றுகள் விலகும். அப்புறம் நீங்கள் இழுக்கும் முதல் சில மி.மீ. அந்த இடைவெளியை மூடவே செலவாகும். நுண்ணோக்கியில் முழு நீளத்தையும் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

அடுத்து கம்பியின் நீட்சி. 0.2 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 0.0314 சதுர மி.மீ. 1150 மி.மீ. நீளம், யங் குணகம் (பொருளின் விறைப்பு) 193 கிகா பாஸ்கல், மிக மோசமான நிலையில் 20 நியூட்டன் என்று போட்டால் நீட்சி 3.8 மி.மீ. வளைவுக்கு வேண்டியதே 2.2 மி.மீ.தான். வளைவுக்கான இழுப்பைவிடக் கம்பி நீளுவது அதிகம் என்பதைக் கணக்கில் சேர்க்காதவர்களின் கைப்பிடி, நெம்பு முடியும் வரை போயும் 180 டிகிரியை எட்டாது.

மூன்றாவது உராய்வு. கம்பி வளைந்த பாதையில் ஓடும்போது உராய்வு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். உராய்வுக் குணகம் 0.1, பாதையின் மொத்த வளைவு 180 டிகிரி என்றால் விசை 1.37 மடங்கு. குணகம் 0.2 ஆகி, வளைவுகள் கூடி 360 டிகிரி ஆனால் 3.5 மடங்கு. மேசையில் நேராக நீட்டி வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. தொடையிலிருந்து மேலறை வரையிலான பாதையை அக்ரிலிக் தகட்டில் வெட்டி, அதில் வைத்துச் சோதியுங்கள்.

6. ஷாஃப்டைச் செய்தல்

வரிசை இதுதான்: மாண்ட்ரல், அதன்மேல் டெஃப்லான் உட்குழாய், அதன்மேல் பின்னல், அதன்மேல் பெபாக்ஸ் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேல் எஃப்.ஈ.பி. சுருங்கு குழாய். சூடாக்கும்போது பெபாக்ஸ் உருகுகிறது, சுருங்கு குழாய் அதைப் பின்னலுக்குள் அழுத்துகிறது. டெஃப்லான் 327 டிகிரியில்தான் உருகும் என்பதால் அது அசையாமல் நிற்கும். குளிர்ந்த பின் சுருங்கு குழாயைக் கீறி உரித்து, மாண்ட்ரலை உருவுங்கள்.

பெபாக்ஸ் ஈரத்தை உறிஞ்சும். உலர்த்தாமல் சூடாக்கினால் சுவரில் குமிழிகள் வரும், ஒவ்வொரு குமிழியும் ஒரு மடிப்புப் புள்ளி.

பின்னலின் கோணம் முறுக்கைத் தீர்மானிக்கிறது. மருத்துவர் கைப்பிடியைச் சுழற்றினால் நுனியும் உடனே அதே அளவு சுழல வேண்டும். அச்சுக்கு 45 டிகிரியை ஒட்டிய கோணத்தில் பின்னல் முறுக்கை நன்றாகக் கடத்தும். சுற்றுகளை நெருக்கினால் ஷாஃப்ட் மடங்காமல் நெகிழும், ஆனால் கோணம் 45-ஐ விட்டு விலகி முறுக்கு குறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பெற முடியாது. இந்தக் கருவிக்கு முறுக்கையே நான் முன்னிறுத்துவேன்.

72-லிருந்து நேராக 35-க்குத் தாவாதீர்கள். நடுவே 55 டி துண்டு வேண்டும். பின்னல் முடியும் இடமும் கடினத்தன்மை மாறும் இடமும் ஒன்றாக விழாமல் சில மி.மீ. தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே மடியும்.

7. மின்முனைகளைப் பொருத்துதல்

வளையங்கள் நுனிப் பக்கமிருந்து நுழைபவை. ஆகவே மிகப் பின்னால் இருக்கும் வளையம் முதலில், நுனி மின்முனை கடைசியில். இந்த வரிசையை மறந்தால் வெல்டு செய்ததை வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு வளையத்துக்கும் சுவரில் சிறு சாய்ந்த துளை போட்டு, கம்பியை வெளியே எடுத்து, வளையத்தின் உட்புறத்தில் வெல்டு செய்து, வளையத்தை இடத்துக்கு நகர்த்தி, சுற்றிலும் தட்டி இறுக்கி, இரு விளிம்பிலும் பசையால் சரிவு கொடுங்கள். அந்தச் சரிவு இரண்டு வேலை செய்கிறது: கூர் விளிம்பு சிரைச் சுவரைக் கீறாது, ரத்தம் உள்ளே கசியாது. உப்புநீர் கசிந்து செம்பையும் பிளாட்டினத்தையும் தொட்டால் இரு உலோகங்களுக்கு நடுவே மின்னழுத்தம் பிறந்து, திரையில் சமிக்ஞையின் அடிப்படைக் கோடு அலையும்.

துளைகளை இழுகம்பிகளுக்கு 90 டிகிரி தள்ளிய பக்கத்தில் போடுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் சுவரின் திரிபு சுமார் 5.6 சதவீதம் (1.17-ஐ 20.7-ஆல் வகுத்தது). பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. துளை அங்கே இருந்தால் கம்பிக்கும் நிம்மதி, பசைக்கும் நிம்மதி.

நுனிக்குப் போகும் கம்பியை மட்டும் தடிமனாக வையுங்கள். 50 வாட், எதிரே உடலின் தடை 100 ஓம் என்றால் மின்னோட்டம் 0.7 ஆம்பியர். 0.1 மி.மீ. செம்பில் 1.2 மீட்டருக்குத் தடை 2.6 ஓம், கம்பியிலேயே 1.3 வாட் வீணாகும். 0.2 மி.மீ. ஆக்கினால் அது கால் பங்காகும்.

தெர்மோகப்பிளின் சந்திப்பு நுனி மின்முனையோடு சூட்டால் நெருங்கியும் மின்சாரத்தால் விலகியும் இருக்க வேண்டும். அது தருவது ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். நுனியிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி உட்கார்ந்தாலும் காட்டும் வெப்பம் குறைவாக இருக்கும், ரேடியோ அலைவரிசை மின்சாரம் தரும் ஜெனரேட்டர் சக்தியைக் கூட்டும். திசு 50 டிகிரிக்கு மேல் நிலையாக முடங்குகிறது. 100-ஐத் தொட்டால் உள்ளே நீராவி வெடிக்கும். ஒரு மனிதரின் இதயச் சுவர் அது. இந்த இணைப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் மூடாதீர்கள்.

ஒவ்வொரு மின்முனை முடிந்ததும் தடையை அளந்து எழுதி வையுங்கள். நான்கும் முடிந்த பின் அளந்தால் எது எப்போது போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

8. இப்போது கைப்பிடி

கணக்கு கையில் இருக்கிறது: 2.2 மி.மீ. வளைவுக்கு, 3.8 மி.மீ. நீட்சிக்கு, சுருள் படிவதற்குக் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு 8 மி.மீ. என்று வையுங்கள்.

ஒரு கம்பி இழுபடும்போது எதிர்க் கம்பி தளர வேண்டும், தள்ளப்படக் கூடாது. தள்ளினால் 0.2 மி.மீ. கம்பி கைப்பிடிக்குள் மடிந்து, அடுத்த முறை மடிந்த இடத்தில் அறும். கம்பியின் முனைக் குமிழ் ஒரு காடியில் சும்மா நழுவும்படி விடுங்கள்.

பயண எல்லையில் ஒரு திடமான தடுப்பு வேண்டும். அது கம்பியின் வலுவைப் பார்த்து வைக்கப்பட்டதாக இருக்கட்டும். விட்ட இடத்தில் வளைவு நிற்க உராய்வுப் பிடியும், தொழிற்சாலையில் இழுப்பைச் சரிசெய்ய ஒரு திருகும் தேவை. நெம்பு எந்தப் பக்கம் போகிறதோ நுனியும் அந்தப் பக்கமே வளைய வேண்டும். இதை மாற்றிப் பொருத்துவது நீங்கள் நினைப்பதைவிட எளிதாக நடந்துவிடும்.

9. சோதனை: கெடுக்காத சோதனை முதலில்

முதலில் தடை, காப்பு. பிறகு 37 டிகிரி நீரில் வளைவுப் பாதையில் வளைவுக் கோணம், விசை, முறுக்கு. பிறகு திரும்பத் திரும்ப வளைத்தல், ஒவ்வொரு கட்டத்திலும் மின்முனைத் தடையோடு. கடைசியில்தான் இழுத்து அறுத்தல். ஐ.எஸ்.ஓ. 10555-1-இன்படி 1.85 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டத்துக்குக் குறைந்தது 15 நியூட்டன் தாங்க வேண்டும். இதை நுனி இணைப்பிலும் ஷாஃப்ட் இணைப்பிலும் தனித்தனியே பாருங்கள்.

இதயத்தை நேராகத் தொடும் கருவி என்பதால் மின்கசிவு எல்லை மிகக் கடுமையானது: இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர்.

இவை எல்லாவற்றையும் எத்திலீன் ஆக்சைடு கிருமி நீக்கத்துக்குப் போய்வந்த மாதிரிகளில் செய்யுங்கள். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பசைகள் மாறும். புதிதாக ஒட்டியதைச் சோதித்து வந்த எண், பெட்டியிலிருந்து எடுக்கும் கதீட்டருக்குப் பொருந்தாது.

10. அறிகுறியைப் பார்த்துப் பழுதான இடத்தைக் கண்டுபிடிக்க

நுனி வளையும்போது ஷாஃப்டும் சேர்ந்து வளைந்தால், சுருளின் முன்முனைப் பிடிப்பு விட்டிருக்கிறது. முதலில் அங்கே வெட்டிப் பாருங்கள்.

நெம்பின் முதல் கால் பங்கில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் சுருளில் இடைவெளி, அல்லது கம்பியில் தளர்வு. திருகை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் சில வளைவுகளில் திரும்பி வந்தால் சுருள்தான்.

சுழற்றும்போது நுனி முதலில் நின்று, பிறகு ஒரே தாவலில் திரும்பினால், முறுக்கு எங்கோ சேர்ந்து திடீரென விடுபடுகிறது. ஷாஃப்ட் சற்றே வளைந்த வடிவத்தில் குளிர்ந்திருக்கலாம், அல்லது இழுகம்பிகள் இரண்டும் சமமாக இழுபடவில்லை.

ஒரு பக்கம் 180 டிகிரி, மறுபக்கம் 150 என்றால் நடுப் பட்டை மையம் விலகியிருக்கிறது. குறுக்காக வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் இரு கம்பிகளின் தூரத்தையும் பட்டையிலிருந்து அளந்து, 3-ஆம் படியில் வரைந்த படத்தோடு ஒப்பிடுங்கள்.